மேல்மண் யாருடைய சொத்து?
அமெரிக்க நிலவுடைமையாளருக்குக் கிடைக்கும் மண், நீர்ப் பாதுகாப்பு உதவி



புவியியல் பாடத்துல மண்ணரிப்பு வந்தாலும் சரி, தமிழ்த் தேர்வில் சுற்றுச்சூழல் பற்றிய கருத்து விளக்கக் கட்டுரை வந்தாலும் சரி, நம் மாணவர்கள் எழுதும் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “அரசாங்கம் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், மக்கள் விழிப்புணர்வு பெற வேண்டும்” என்று முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் என்ன நடவடிக்கை? யார் காசில்? நிலம் ஒருவருடைய சொந்தச் சொத்தாக இருக்கும்போது, அதுக்குள்ள போய் “இப்படி உழு, அப்படி உழாதே” என்று அரசாங்கம் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால்தான் கட்டுரைக்குக் கனம் கூடும்.

இந்தக் கேள்விகளுக்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளாகப் பதில் தேடிவரும் நாடு அமெரிக்கா. அங்கே நிலவுடைமையாளர்களுக்கு மண், நீர்ப் பாதுகாப்பு உதவி எப்படிக் கிடைக்கிறது, அது எங்கே வெற்றி பெற்றது, எங்கே ஓட்டை விழுந்தது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கடைசியில் வகுப்புக்கும் தேர்வுக்கும் உதவும் குறிப்புகளும் உண்டு.

1. கண்ணுக்குத் தெரியாத இழப்பு

மண்ணரிப்பு என்றதும் மாணவர்கள் மனத்தில் பெரிய நிலச்சரிவுதான் வரும். உண்மையில் விவசாயியை ஏழையாக்குவது அந்தப் பெரிய சரிவு இல்லை. ஒவ்வொரு மழைக்கும் வயல் முழுவதிலிருந்தும் மெல்லிய ஏடாக உரிந்து போகும் மேல்மண்தான். இதைத் தாள் அரிப்பு என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அமெரிக்காவில் ஒரு நிலம் ஆண்டுக்கு எவ்வளவு மண்ணை இழந்தாலும் விளைச்சல் தாக்குப் பிடிக்கும் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். மண்ணின் தன்மையைப் பொறுத்து அது மாறும். ஆழமான நல்ல மண்ணுக்கு ஏக்கருக்கு 5 டன். கேட்க ரொம்பப் பெரிசாத் தெரியுது, இல்லையா? ஆனால் அந்த 5 டன்னை ஓர் ஏக்கர் முழுக்கப் பரப்பினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதாவது அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கு மண் போனாலும், வயலில் நிற்கும் விவசாயியின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது இருபது முப்பது ஆண்டு கடந்திருக்கும்.

போகும் மண் தனியாகவும் போவதில்லை. போட்ட உரத்தையும் பூச்சிமருந்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறது. ஓடையில் சேறு படிகிறது. ஏரியில் பாசி பெருகுகிறது. மிசிசிப்பி ஆறு கொண்டுபோய்ச் சேர்க்கும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் கடல்நீரில் உயிர்வளி குறைந்து, மீன்கள் வாழ முடியாத பெரும்பகுதி உருவாகிறது. அயோவாவில் உள்ள ஒரு சோளக்காட்டின் சொந்தக்காரருக்கும் அந்தக் கடல் மீனவருக்கும் நேரில் பழக்கமே கிடையாது. ஆனாலும் ஒருவர் நிலத்தில் நடப்பது இன்னொருவர் வலையில் தெரிகிறது.

பிரச்சினையின் முடிச்சு இதுதான். மண் இருப்பது ஒருவருடைய நிலத்தில். அது போனால் நட்டம் பலருக்கு. காக்கும் செலவை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டினால் அவர் செய்யமாட்டார், செய்யவும் முடியாது.

2. புழுதிக் காலம் கற்றுக்கொடுத்த பாடம்

முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் பெருஞ்சமவெளியில் அதுவரை உழப்படாத புல்வெளிகளை விவசாயிகள் உழத் தொடங்கினார்கள். 1920களில் டிராக்டர் வந்த பிறகு வேகம் இன்னும் கூடியது. ஆழமாக வேர்விட்டு, காற்று அடித்தாலும் மழை பொய்த்தாலும் மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல் போய்விட்டது.

1930களில் தொடர் வறட்சி வந்தது. பயிர் காய்ந்தது, வெறும் மண்ணை மூட எதுவும் இல்லை. காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. 1934 மே மாதம் எழுந்த புழுதிப்புயல் கிழக்குக் கரை நகரங்கள் வரை சென்று, அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் மீதும் படிந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயல் பட்டப்பகலை இருட்டாக்கியது. அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே இன்றும் அழைக்கிறார்கள். ஓக்லஹோமா, டெக்சஸ், கன்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களின் பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சமவெளி மாநிலங்களை விட்டு லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள்.

இந்தப் பேரிடருக்கு முன்பே எச்சரித்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். வட கரோலினா மாநிலத்தில் 1881இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த மண் ஆய்வாளர். 1905இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஆய்வு செய்தபோது அருகருகே இருந்த இரண்டு நிலங்களைக் கவனித்தார். காடாகவே இருந்த பக்கத்தில் மண் பொலபொலவென்று மிருதுவாக இருந்தது. பல காலம் உழப்பட்ட பக்கத்தில் கெட்டியான களிமண் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஒரே சரிவு, ஒரே மழை. ஒரு பக்கத்தில் மட்டும் மேல்மண் இல்லை. மழை கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போயிருந்தது. 1928இல் மண்ணரிப்பு ஒரு தேசிய ஆபத்து என்று விளக்கும் அறிக்கையைச் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்டார். அன்றைக்குப் பெரிதாகக் கேட்டவர் இல்லை.

புழுதி நகரத்துக்கு வந்தபோதுதான் காது திறந்தது. கறுப்பு ஞாயிறு கழிந்து 13 நாளில், 1935 ஏப்ரல் 27 அன்று, மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. மண் பாதுகாப்புச் சேவை என்ற துறை வேளாண் அமைச்சில் உருவாகி, பென்னட் அதன் முதல் தலைவரானார். 1994இல் அதன் பெயர் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்று மாறியது. இன்றும் இயங்குகிறது.

3. கட்டளை போடாமல் கேட்டுச் செய்தார்கள்

சட்டம் வந்ததும் அதிகாரிகள் போய் விவசாயிகளை மிரட்டினார்களா? இல்லை. முன்னோடித் திட்டம் ஒன்று 1933இலேயே விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கில் தொடங்கியிருந்தது. மேடும் பள்ளமுமான அந்த ஊரில் வயல்கள் எல்லாம் நேர்க்கோட்டில், சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சரிவு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மேலும் கீழுமாக உழுதார்கள். ஒவ்வோர் உழவுசாலும் மழைநீர் இறங்கி ஓடும் வாய்க்காலாக மாறியது.

அரசு அவர்களிடம் ஓர் உடன்பாட்டைக் கொண்டுபோனது. “ஐந்து ஆண்டுக்கு இந்தத் திட்டப்படி பயிர் செய்யுங்கள். விதை, சுண்ணாம்பு, மரக்கன்று நாங்கள் தருகிறோம்; வேலை செய்ய இளைஞர் முகாமிலிருந்து ஆட்களையும் அனுப்புகிறோம்” என்பதுதான் அதன் சாரம். விரும்பியவர்கள் சேர்ந்தார்கள், விரும்பாதவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நூற்றுக்கணக்கான பண்ணைக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். சதுர வயல்கள் மலையின் வளைவைப் பின்பற்றும் பட்டைகளாக மாறின. ஒரு பட்டையில் சோளம், அடுத்த பட்டையில் புல், அதற்கடுத்து தானியம் என மாறி மாறி வந்தன. சோளப் பட்டையிலிருந்து இறங்கும் நீரைப் புல் பட்டை தடுத்து நிறுத்தியது.

பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியோரம் நின்று பார்த்தார். மழை வந்தது, தன் வயல் மண் ஓடியது, அடுத்த வயல் மண் ஓடவில்லை. அவருக்கு அதைவிட நல்ல பாடம் எது?

சமவெளிப் பகுதியில் 1935 முதல் 1942 வரை இன்னொரு வேலையும் நடந்தது. காற்றின் வேகத்தைக் குறைக்கப் பண்ணைகளின் ஓரத்தில் வரிசை வரிசையாக 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன.

4. ஊரார் நடத்தும் மாவட்டம்

ஒரு விவசாயிக்குத் தலைநகர் வாஷிங்டன் ரொம்ப தூரம். அங்கிருந்து வரும் அதிகாரியை அவர் எளிதில் நம்பமாட்டார். அதனால் 1937 பிப்ரவரியில் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். விவசாயிகளே ஒன்றுகூடி ‘மண் பாதுகாப்பு மாவட்டம்’ அமைத்துக்கொள்ள அந்தச் சட்டம் வழிசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று வட கரோலினாவில் பிரவுன் கிரீக் மாவட்டம் உருவானது. நாட்டின் முதல் மாவட்டமாகப் போற்றப்படுவது அதுதான். பென்னட் பிறந்த பண்ணையும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

இங்கே ‘மாவட்டம்’ என்பதை நிர்வாக மாவட்டம் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. இது மண்ணுக்கும் நீருக்கும் மட்டும் பொறுப்பான உள்ளூர் அமைப்பு. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000 மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் உள்ளூர் மக்களே வாக்களித்துக் குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களில் பலர் தாங்களே விவசாயிகள்.

வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறையைக் கவனியுங்கள்.

மத்திய அரசு பணமும் தொழில்நுட்பமும் தருகிறது. மண் ஆய்வாளர், பொறியாளர், வரைபடம் எல்லாம் அதன் பக்கம்.

மாநில அரசு சட்டமும் கூடுதல் நிதியும் தருகிறது. உதாரணமாக வட கரோலினா 1984இல் தனக்கென ஒரு செலவுப் பங்கீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

மாவட்டக் குழு எந்த ஓடை மோசம், எந்தப் பிரச்சினை முதலில் என்று முடிவு செய்கிறது. பல மாவட்டங்கள் குறைந்த விலைக்கு மரக்கன்று விற்கின்றன. உழாமல் விதைக்கும் கருவியை வாடகைக்கு விடுகின்றன. சின்ன விவசாயியால் அந்தக் கருவியைச் சொந்தமாக வாங்க முடியாது, பாருங்க.

நிலவுடைமையாளர் நிலத்தையும் உழைப்பையும் தருகிறார். செய்வதா வேண்டாமா என்ற முடிவும் அவருடையதே.

5. எதற்கு உதவி? ஒரு சூத்திரம் சொல்லும் பதில்

மண்ணரிப்பைக் கணக்கிட அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மையர், ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கிய சூத்திரம் 1965இல் கைநூலாக வெளிவந்தது. பிறகு திருத்தப்பட்டு உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. எளிமையாகச் சொன்னால்:

ஆண்டு மண்ணிழப்பு = மழையின் வலிமை × மண்ணின் இளகுதன்மை × சரிவின் நீளமும் செங்குத்தும் × பயிர்ப் போர்வை × பாதுகாப்புச் செயல்

இதில் விவசாயி எதையெல்லாம் மாற்ற முடியும் என்று மாணவர்களைக் கேளுங்கள். மழையை மாற்ற முடியாது. மண்ணின் தன்மையை எளிதில் மாற்ற முடியாது. சரிவின் நீளத்தைப் படிவரப்பு கட்டிக் குறைக்கலாம். பயிர்ப் போர்வையும் பாதுகாப்புச் செயலும் முழுக்க அவர் கையில்.

இவை எல்லாம் பெருக்கல் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றைப் பாதியாகக் குறைத்தால் மொத்த இழப்பும் பாதியாகும். மழை எவ்வளவு வலுவாக இருந்தாலும் சரி, போர்வை சரியாக இருந்தால் மண் நிற்கும்.

உதவித் திட்டங்கள் பணம் கொடுப்பதும் இந்த மாற்றக்கூடிய பகுதிகளுக்குத்தான். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் நிலத்தை மூடும் மூடுபயிர், சம உயரக் கோட்டில் உழுதல், படிவரப்பு, வெள்ளம் ஓடும் தடத்தில் புல் வளர்த்தல், ஆற்றோரத்தில் மரமும் புல்லும் கொண்ட பசுமைப் பட்டை, மாடுகள் ஓடையில் இறங்காமல் வேலி போட்டு வேறிடத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்தல், நீர் வீணாகாத பாசன முறை, எருவைச் சேமிக்கும் கிடங்கு போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு.

6. ஒரு விவசாயி உதவி பெறுவது எப்படி?

படிப்படியாகப் பார்த்துவிடுவோம்.

முதல் படி: தன் வட்டாரத்தில் உள்ள வேளாண் சேவை நிலையத்துக்குப் போகிறார். பல இடங்களில் மத்திய அரசு ஊழியரும் மாவட்ட ஊழியரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள்.

இரண்டாவது படி: பாதுகாப்புத் திட்டமிடுபவர் நிலத்துக்கு நேரில் வந்து நடந்து பார்க்கிறார். சரிவு, மண், நீர்ப்போக்கு, பயிர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். இந்த ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பணம் வேண்டாம், யோசனை மட்டும் போதும் என்றாலும் கொடுப்பார்கள்.

மூன்றாவது படி: நிலவுடைமையாளரின் நோக்கம் என்ன என்று கேட்டு, இரண்டு மூன்று வழிகளை எழுதித் தருகிறார். தேர்வு செய்வது விவசாயி.

நான்காவது படி: நிதியுதவி வேண்டுமானால் விண்ணப்பம். நிலம் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வருமான வரம்பும் உண்டு.

ஐந்தாவது படி: விண்ணப்பங்களுக்குப் புள்ளி கொடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். எங்கே அதிக மண்ணையும் நீரையும் காக்க முடியுமோ அதற்கு முன்னுரிமை. நிதி எல்லாருக்கும் போதாது. தகுதி இருந்தும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு.

ஆறாவது படி: ஒப்பந்தம். கையெழுத்தாவதற்கு முன்பே அவசரப்பட்டு வேலையைத் தொடங்கினால் பொதுவாக அந்த வேலைக்குப் பணம் கிடைக்காது. இதை அறியாமல் ஏமாந்து போவோர் உண்டு என்பதால் அலுவலர்கள் இதை அழுத்திச் சொல்வார்கள்.

ஏழாவது படி: வேலை முடிந்ததும் அளவுப்படி இருக்கிறதா என்று சரிபார்த்து, பிறகு பணம் தருகிறார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம்: இந்தச் சேவை, அபராதம் விதிக்கும் துறை அல்ல. நிலவுடைமையாளர் தரும் பண்ணை விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ‘கதவைத் திறந்தால் வம்பு வரும்’ என்ற பயம் இருந்தால் யார் திறப்பார்?

7. காசுக் கணக்கு

முக்கியமான நிதித் திட்டம் 1996ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் வந்த சுற்றுச்சூழல் தரத்துக்கான ஊக்கத்தொகைத் திட்டம். மதிப்பிடப்பட்ட செலவில் 75 விழுக்காடு வரை அரசு தரலாம். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர், வசதி குறைந்தவர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு 90 விழுக்காடு வரை தரலாம்; முன்பு ஒதுக்கப்பட்ட சமூகத்தாருக்கும் 2025 வரை இந்தச் சலுகை இருந்தது.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். ஒரு புல் வாய்க்காலும் படிவரப்பும் அமைக்க 10,000 டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 75 விழுக்காடு என்றால் அரசு 7,500 தரும். விவசாயி 2,500 போட வேண்டும். 90 விழுக்காடு என்றால் விவசாயியின் பங்கு 1,000 மட்டுமே. உண்மைச் செலவு 12,000 ஆகிவிட்டால் கூடுதல் 2,000 விவசாயி தலையில்தான்.

பணம் வேலை முடிந்த பிறகுதானே வரும்? கையில் காசு இல்லாதவர் முதலில் எப்படிச் செலவு செய்வார்? நல்ல கேள்வி. அதனால்தான் மேலே சொன்ன பிரிவினருக்குப் பாதித் தொகையை முன்பணமாகப் பெறும் வாய்ப்பும் உண்டு.

ஒதுக்கப்பட்ட சமூகத்தாருக்கு ஏன் அந்தத் தனிச் சலுகை இருந்தது? வரலாறு இருக்கிறது. வேளாண் அமைச்சின் கடனுதவியில் கறுப்பின விவசாயிகள் பாகுபாட்டுக்கு உள்ளானதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு 1999இல் நீதிமன்ற ஒப்புதலுடன் இழப்பீட்டுத் தீர்வில் முடிந்தது. உள்ளூரார் கையில் அதிகாரம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் உள்ளூரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதையும் பார்க்கணும். அறிவிப்புப் பலகையில் திட்டம் இருந்தால் மட்டும் போதாது. அது கடைசி வீட்டுக்கும் போய்ச் சேரணும்.

இன்னொரு வகைத் திட்டம் 1985இல் வந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுவரை பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்க்க விட்டால், அரசு ஆண்டுதோறும் வாடகை தரும்.

அதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கண்டிப்பும் சேர்ந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தில் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் பயிர் செய்தால், மற்ற வேளாண் மானியங்களை இழக்க நேரிடும். 2014 முதல் பயிர்க்காப்பீட்டுக் கட்டணச் சலுகைக்கும் இந்த நிபந்தனை வந்தது. யாரும் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் “பொதுப்பணம் வேண்டுமென்றால் பொதுமண்ணையும் கவனி” என்று சொல்லிவிட்டார்கள்.

8. பலன் எவ்வளவு? ஓட்டை எங்கே?

பலன் உண்மையானது. 1982க்கும் 2007க்கும் இடையில் அமெரிக்கப் பயிர்நிலங்களில் மண்ணரிப்பு 43 விழுக்காடு குறைந்ததாக அரசின் இயற்கை வளக் கணக்கெடுப்பு காட்டுகிறது. உழவைக் குறைத்தது, அரிக்கும் நிலத்துக்கு ஓய்வு கொடுத்தது, திட்டத்தோடு மானியத்தைக் கட்டியது எல்லாமே இதில் பங்கு வகித்தன.

ஓட்டைகள் மூன்று.

ஒன்று, விலை. வாடகை பெற்று ஓய்விலிருந்த நிலம் 2007இல் 3 கோடியே 60 லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு தானிய விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் மறுபடி உழுதார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பையே 2 கோடியே 40 லட்சம் ஏக்கராகக் குறைத்தது. பத்து ஆண்டில் புல் சேர்த்து வைத்த மண்ணை ஒரே பருவத்தில் இழக்க முடியும்.

இரண்டு, குத்தகை. அமெரிக்க விவசாய நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குத்தகை நிலம். ஓராண்டு ஒப்பந்தத்தில் உழுபவர், பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் வரப்பைத் தன் காசில் ஏன் கட்டுவார்? எங்கோ நகரத்தில் இருக்கும் சொந்தக்காரருக்கோ நிலத்தின் நிலைமையே தெரியாது. அதனால் குத்தகைப் பத்திரத்திலேயே மூடுபயிரையும் செலவுப் பங்கையும் எழுதிக்கொள்ளச் சொல்லி ஆலோசனை தருகிறார்கள்.

மூன்று, விருப்பம். வேலி போட ஓடையோரத்துப் பத்துப் பண்ணைக்காரரில் ஒன்பது பேர் சம்மதித்து, மேட்டில் இருக்கும் ஒருவர் மறுத்தால், அந்த ஒருவர் வயலின் சேறு ஒன்பது பேரையும் கடந்துதான் ஓடும். கட்டாயப்படுத்தாத முறையின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

9. நம் பக்கம் திரும்பிப் பார்த்தால்

இந்தச் செய்தி நமக்கு அந்நியமானது இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களில் தொடக்கக் காலத்தில் ஒரு புல்கூட விடாமல் தரையைச் சுத்தமாக வழித்து வைப்பதுதான் நல்ல பராமரிப்பு என்று கருதப்பட்டது. நம் பாட்டன் பாட்டிமார் புல்வெட்டிய காலம் அது. அடைமழையில் சரிவுத் தோட்டங்களின் மேல்மண் கரைந்து போனது. அதன்பிறகே பயறு இனக் கொடிகளைத் தரையில் படரவிடுவதும், சரிவில் படிவெட்டி மரம் நடுவதும், மழைநீர்க் குழிகள் தோண்டுவதும் வழக்கமாயின. மேலே பார்த்த சூத்திரத்தின் ‘பயிர்ப் போர்வை’ நம் தோட்டப்புறத்திலேயே இருந்திருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் நிலப் பாதுகாப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே வந்தது. மலைநிலமென அறிவிக்கப்பட்ட பகுதியில் அனுமதியின்றிக் காடழிப்பதையும் குறுகியகாலப் பயிர் செய்வதையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்தும் வரும் சேறு ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் தொடர்ந்து படிகிறது. சேறு நிறைந்தால் நீர் நிற்க இடம் குறையும். 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியானதை ஆசிரியர்கள் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

சட்டம் ‘செய்யாதே’ என்று சொல்லும். ‘எப்படிச் செய்வது, செலவில் பாதி நான் தருகிறேன்’ என்று சொல்ல இன்னொரு கை வேண்டும். சிறுதோட்டக்காரர்கள் மறுநடவு செய்ய ரிஸ்டா உதவுவதை நாம் அறிவோம். அதுபோன்ற கை மலைச்சரிவில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயியின் மண்ணுக்கும் நீளுமானால் என்ன ஆகும்? மாணவர்கள் விவாதிக்க நல்ல தலைப்பு இது.

10. வகுப்புக்கும் தேர்வுக்கும்

சொற்களும் பொருளும்:

மேல்மண் – பயிருக்கு வேண்டிய சத்து மிகுந்த மேலடுக்கு மண்.
தாள் அரிப்பு – நிலப்பரப்பு முழுவதும் மெல்லிய ஏடாக மண் உரிந்து போதல்.
மூடுபயிர் – விற்பனைக்கன்றி மண்ணைப் போர்த்திக் காக்க வளர்க்கும் பயிர்.
சம உயரக் கோடு – ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. அதன் வழியே உழுதால் நீர் இறங்கி ஓடாது.
செலவுப் பங்கீடு – பாதுகாப்பு வேலைக்கான செலவை அரசும் நிலவுடைமையாளரும் பகிர்ந்துகொள்ளும் முறை.

உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள்:

1. தனியார் நிலத்தின் மண்ணைக் காக்கப் பொதுப்பணத்தைச் செலவிடுவது நியாயமா? இரு தரப்பிலிருந்தும் இரண்டு காரணங்கள் தருக.
2. மண்ணிழப்புச் சூத்திரத்தில் விவசாயி மாற்றக்கூடிய கூறுகள் எவை? ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலைக் குறிப்பிடுக.
3. குத்தகை நிலத்தில் மண் பாதுகாப்பு ஏன் கடினம்? ஒரு தீர்வைப் பரிந்துரைத்து விளக்குக.
4. தண்டனை, ஊக்கத்தொகை, நிபந்தனையுடன் கூடிய மானியம் ஆகிய மூன்றில் மலைச்சரிவு விவசாயத்துக்கு ஏற்றது எது? ஏன்?

எளிய செயல்முறை: மூன்று பிளாஸ்டிக் போத்தல்களைப் படுக்கவைத்து மேற்பகுதியை வெட்டி மண் நிரப்புங்கள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் காய்ந்த இலை, ஒன்றில் முளைத்த புல். வாய்ப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி மூன்றையும் ஒரே அளவு சாய்த்து, ஒரே அளவு நீர் ஊற்றி, வாய்வழியே வடியும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். குவளைகளின் நிறத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இந்தப் புல்லை நட்டவருக்குக் கூலி யார் கொடுப்பது?” அந்தப் பதில் கட்டுரையின் கடைசிப் பத்தியில் வந்தால் போதும்; ‘அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற வரிக்கு அப்போதுதான் பொருள் வரும்.